சென்னையில் சமூக உளவியலும் நிறுவன உளவியலும்: ஒரு பாடத்தின் வரலாறு

சமூக உளவியலும் நிறுவன உளவியலும் இன்று ஒரே பட்டப்படிப்பில் வெவ்வேறு பருவங்களில் வரும் இரண்டு தாள்கள். ஆனால் சென்னைக்கு அவை சேர்ந்து வரவில்லை. முதலாவது, தத்துவ வகுப்பிலிருந்தும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்தும் கிளைத்தது. இரண்டாவதை இழுத்து வந்தவை பெரம்பூர் ஆலை வாசலில் நடந்த வேலைநிறுத்தங்களும், பின்னால் வந்த தொழிற்சாலைச் சட்டமும். படித்து முடித்தவருக்கு யார் வேலை கொடுத்தார்கள் என்பதே, ஆய்வுக்கூடத்தைக் காட்டிலும் அதிகமாக, இந்த நகரத்தில் இரண்டு பாடங்களையும் வளர்த்தது. பள்ளிக்கூடம், தொழிற்சாலை, கணினி நிறுவனம் என்று வேலை கொடுப்பவர் மாறியபோதெல்லாம் பாடத்திட்டமும் கூடவே மாறியது.

இந்த வரலாற்றின் இடங்களில் பல மந்தைவெளியிலிருந்து ஒரு பஸ்ஸோ ரயிலோ ஏறிப் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. ஒரு காலத்தில் மயிலாப்பூர் மாடுகள் மேய்ந்த வெளி அது. பிறகு தெருக்களும் வீடுகளும் எழும்பின. அதற்கு வடக்கே கடற்கரையோரம் பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும், மேற்கே சைதாப்பேட்டையில் ஆசிரியர் கல்லூரியும் உள்ளன. தெற்கே அடையாற்றைத் தாண்டினால் பிரம்மஞான சபை. அதையும் தாண்டினால் தரமணி. ஆலைகள் மட்டும் நகரத்தின் வடகோடியில் இருந்தன. அந்தத் தூரத்துக்கும் இந்த வரலாற்றில் பொருள் உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது உளவியல் என்ற பெயரில் துறை ஏதும் கிடையாது. பி.ஏ. வகுப்பில் மனமும் ஒழுக்கமும் பற்றிய பாடமாக, தத்துவத்தின் ஒரு பகுதியாகவே அது கற்பிக்கப்பட்டது. புலன், நினைவு, விருப்பம், கற்பனை என்று மனத்தின் ஆற்றல்களைப் பிரித்து விளக்கும் ஆங்கிலேய, ஸ்காட்லாந்து நூல்களை மாணவர்கள் படித்தார்கள். மனம் என்பது அந்த நூல்களில் தனியாள் ஒருவரின் மனம். கூட்டம், சாதி, கட்சி, தொழிற்கூடம் எதுவும் அதில் நுழையவில்லை. சோதனைகளும் இல்லை. ஜெர்மனியில் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் ஆய்வுக்கூடம் அமைத்துவிட்ட பிறகும் சென்னையில் உளவியல் என்பது நாற்காலியில் உட்கார்ந்து சிந்திக்கும் பாடமாகவே நீடித்தது.

அந்தப் பாடம் யாருக்காவது தொழில்ரீதியாகத் தேவைப்பட்டது என்றால் அது ஆசிரியர்களுக்குத்தான். பள்ளி ஆசிரியர்களுக்கான எல்.டி. பட்டத்தில் உளவியல் இடம்பெற்றது. குழந்தை எப்படிக் கற்கிறது, கவனம் எப்போது சிதறுகிறது, தண்டனை என்ன செய்கிறது என்பவை வகுப்பறையில் நிற்கப்போகிறவருக்கு உடனே பயன்படும் கேள்விகள். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி அதனால் இந்த வரலாற்றில் முக்கியமான இடம். 1909இல் மாநிலக் கல்லூரித் தத்துவத் துறையில் சேர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் மறு ஆண்டு ஆசிரியர் பயிற்சிக்காகச் சைதாப்பேட்டைக்கு அனுப்பப்பட்டார். தத்துவம் படித்தவர் என்பதால் உளவியல் வகுப்பில் உட்கார்ந்து கேட்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லாமல் போனது. உடன் பயின்றவர்களுக்கு அவரே சொற்பொழிவாற்றினார். அந்தச் சொற்பொழிவுகள் 1912இல் 'எசென்ஷியல்ஸ் ஆஃப் சைக்காலஜி' என்ற சிறு நூலாக வெளிவந்தன. பயிற்சிக்கு வந்த மாணவரே பாடநூல் எழுதிவிட்டுப் போன கதை இது. அந்த நூலை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை. எழுதியவர் பெயரில்தான் மயிலாப்பூரின் எட்வர்டு எலியட்ஸ் சாலை இன்று அழைக்கப்படுகிறது.

சமூக உளவியல் என்ற பெயரோடு பாடநூல்கள் உலகில் தோன்றியதும் ஏறத்தாழ அதே காலம்தான். 1908இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று பிரிட்டனில் வில்லியம் மக்டூகல் எழுதியது, மற்றொன்று அமெரிக்க சமூகவியலாளர் எட்வர்டு ராஸ் எழுதியது. மக்டூகல் சமூக வாழ்வை இயல்பூக்கங்களைக் கொண்டு விளக்கினார். ராஸ் பாவனை, கூட்டம், வழக்கம் ஆகியவற்றைக் கொண்டு விளக்கினார். ஒரே ஆண்டில் பிறந்த இந்த இரண்டு நூல்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை என்று சொல்லலாம். பாடம் உளவியலுக்குச் சொந்தமா, சமூகவியலுக்குச் சொந்தமா என்ற இழுபறி அன்றே தொடங்கிவிட்டது.

இந்தியாவில் முதலில் முந்திக்கொண்டது கல்கத்தா. 1916இல் அங்கு சோதனை உளவியல் துறை செயல்படத் தொடங்கியது. ஹார்வர்டில் ஹியூகோ முன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்ற என்.என். சென்குப்தா அதன் தலைவர். தொழிலகங்களுக்கு உளவியலைப் பயன்படுத்துவது பற்றி முதல் நூல்களில் ஒன்றை எழுதியவர் இந்த முன்ஸ்டர்பெர்க். அடுத்து 1924இல் மைசூர். லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் பயின்ற எம்.வி. கோபாலசுவாமி அங்கு துறையை அமைத்தார். 1935இல் சொந்த முயற்சியில் மைசூரில் வானொலி நிலையம் தொடங்கி அதற்கு ஆகாஷ்வாணி என்று பெயர் வைத்தவரும் இவரே. சென்னை மட்டும் காத்திருந்தது. நாட்டின் மூன்று பழைய பல்கலைக்கழகங்களில் ஒன்றாக இருந்தும், உளவியலுக்குத் தனித்துறை அமைய 1943 வரை ஆயிற்று. தத்துவத் துறையின் செல்வாக்கு இதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கேட்டு வாங்க ஆள் இல்லாதது அதைவிடப் பெரிய காரணம். ஆசிரியர் பயிற்சிக்குத் தேவையான உளவியல் சைதாப்பேட்டையிலேயே கிடைத்துவிட்டது. வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

போர் அந்த நிலையை மாற்றியது. அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கக் குடும்பப் பின்னணியையும் பரிந்துரைக் கடிதத்தையும் நம்பிய பிரிட்டிஷ் ராணுவம், 1942 முதல் உளவியலாளர்கள் பங்கேற்ற தேர்வு வாரியங்களுக்கு மாறியது. அடுத்த ஆண்டே இந்தியாவிலும் அதே முறை டேராடூனில் சோதனையாகத் தொடங்கப்பட்டது. ஒரு குழுவிடம் தலைவர் யார் என்று சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, யார் தாமாக முன்வருகிறார், யார் மற்றவரைப் பேசவிடுகிறார் என்று ஒதுங்கி நின்று கவனிக்கும் முறை அது. சமூக உளவியலும் நிறுவன உளவியலும் ஒரே இடத்தில் பயன்பாட்டுக்கு வந்த முதல் பெரிய நிகழ்வு இதுவே எனலாம். ராணுவத்தின் தேர்வு வாரியங்களில் இன்றும் அந்த முறையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது.

அதே 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை பிறந்தது. முந்தைய ஆண்டுதான் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் துணைவேந்தராகியிருந்தார். 1969 வரை அந்தப் பொறுப்பில் நீடித்த அவர் காலத்தில் பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும் அமைப்பாக மட்டும் இல்லாமல் துறைகளைக் கொண்ட ஆராய்ச்சி இடமாக விரிந்தது. உளவியல் துறையின் முதல் தலைவர் ஜி.டி. போவாஸ். அவருக்குப் பின் துறையை நடத்தியவர்களில் டி.இ. சண்முகம் குறிப்பிடத்தக்கவர், பிறழ்நிலை உளவியல் பற்றி 1981இல் அவர் எழுதிய ஆங்கிலப் பாடநூல் இந்தியக் கல்லூரிகளில் பரவலாகப் பயன்பட்டது. 1957 முதல் சென்னையிலிருந்து உளவியல் ஆராய்ச்சி இதழ் ஒன்றும் வெளிவந்தது. தொடக்க காலத் துறையின் கண் ஆளுமை, நுண்ணறிவு, குற்றம் செய்யும் சிறார் ஆகியவற்றின் மீதே அதிகம் பதிந்திருந்தது. சமூக உளவியல் அங்கே ஒரு தாள், அவ்வளவுதான்.

அந்தத் தாளுக்கு உயிர் கொடுத்தவர் பல்கலைக்கழகத் துறைக்கு வெளியே, மாநிலக் கல்லூரியில் இருந்தார். பி. குப்புசாமி அங்கு உளவியல் பேராசிரியர், மைசூரிலும் பணியாற்றியவர். அவர் எடுத்துக்கொண்ட பொருளே துணிச்சலானது: சாதி பற்றி மக்களின் மனப்பான்மை என்ன, அதை எப்படி அளப்பது?

காலத்தை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியின் சூடு புரியும். கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாண அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் செல்லாது என்றது. இரண்டு மாதத்தில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. வழக்கும் போராட்டமும் நகரத்தின் பேச்சாக இருந்த காலம் அது. ஏறத்தாழ அதே வேளையில், பிரிவினைக் கலவரங்களுக்குப் பின் இந்தியாவின் சமூகப் பதற்றங்களை ஆராய மத்திய அரசு யுனெஸ்கோ வழியாக அமெரிக்க உளவியலாளர் கார்ட்னர் மர்ஃபியை அழைத்திருந்தது. 1950இல் வந்த அவர் பல நகரங்களின் ஆய்வாளர்களோடு பணிசெய்தார். 1953இல் 'இன் தி மைண்ட்ஸ் ஆஃப் மென்' என்ற நூல் வெளியானது. சமூக உளவியலை அரசே கைநீட்டிக் கூப்பிட்டது அப்போதுதான். தென்னிந்தியாவில் சாதி குறித்த மனப்பான்மைகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து குப்புசாமி எழுதிய கட்டுரை 1956இல் அமெரிக்க உளவியல் இதழொன்றில் வெளிவந்தது.

இத்தகைய ஆய்வுகளுக்கு அன்று கைவசம் இருந்த கருவிகள் சில. 1925இல் எமரி போகார்டஸ் வகுத்த சமூகத் தொலைவு அளவுகோல், 1928இல் லூயி தர்ஸ்டன் காட்டிய முறை, 1932இல் ரென்சிஸ் லைக்கர்ட் எளிமையாக்கிய ஐந்து படி வினாநிரல். இவற்றில் போகார்டஸின் அளவுகோல் இந்தியாவுக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. ஓர் இனத்தவரைப் பற்றி ஏழு கேள்விகள்: திருமண உறவுக்கு ஏற்பீர்களா, நெருங்கிய நண்பராகச் சங்கத்தில் சேர்ப்பீர்களா, உங்கள் தெருவில் அண்டை வீட்டாராக இருக்கலாமா, உங்கள் தொழிலில் வேலை செய்யலாமா, உங்கள் நாட்டுக் குடிமகனாகலாமா, விருந்தாளியாக மட்டும் வரலாமா, நாட்டுக்குள்ளேயே கூடாதா? அமெரிக்காவில் குடியேறியவர்களைப் பற்றிய கேள்விகள் சென்னைக்கு வந்ததும் கிணறு, பந்தி, கோயில், சம்பந்தம் என்று மாற வேண்டியிருந்தது. மயிலாப்பூர், மந்தைவெளித் தெருக்களில் வாடகைக்கு வீடு தேடுபவர் இன்றும் சந்திக்கும் 'சைவம் மட்டும்' என்ற நிபந்தனை அந்த அளவுகோலின் மூன்றாவது கேள்விதான். வினாத்தாள் கொடுக்காமலேயே பதில் கேட்டில் தொங்குகிறது.

குப்புசாமியின் சமூக உளவியல் அறிமுக நூல் 1961இல் வெளிவந்து பல ஆண்டுகள் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக இருந்தது. அமெரிக்கக் கருத்துகளை இந்திய உதாரணங்களோடு சொல்ல முயன்றது அதன் சிறப்பு. ஆனால் அவர் பெயர் இன்று உளவியல் வகுப்பைவிட மருத்துவக் கல்லூரிகளில்தான் அதிகம் உச்சரிக்கப்படுகிறது. நகரக் குடும்பங்களின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க அவர் உருவாக்கி 1976இல் வெளியான அளவுகோலே அதற்குக் காரணம்.

அது செயல்படும் விதம் எளிது. குடும்பத் தலைவரின் கல்விக்கு 1 முதல் 7 மதிப்பெண்: எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு 1, தொழிற்கல்விப் பட்டம் பெற்றவருக்கு 7. அவர் செய்யும் தொழிலுக்கு 1 முதல் 10. குடும்பத்தின் மாத வருமானத்துக்கு 1 முதல் 12. கூட்டினால் அதிகபட்சம் 29. 26 முதல் 29 வரை மேல்தட்டு, 16 முதல் 25 வரை மேல் நடுத்தரம், 11 முதல் 15 வரை கீழ் நடுத்தரம், 5 முதல் 10 வரை அதற்குக் கீழே ஒரு படி, 5க்குக் குறைந்தால் கடைநிலை. கல்வியும் தொழிலும் அப்படியே நிற்க, வருமானப் பத்தி மட்டும் விலைவாசியோடு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து அந்தப் பத்தியைப் புதுப்பிப்பதற்காகவே இந்திய மருத்துவ இதழ்களில் அவ்வப்போது கட்டுரைகள் வெளிவருகின்றன. ரத்தசோகை பற்றியோ சர்க்கரை நோய் பற்றியோ நகரத்தில் கள ஆய்வு செய்யும் மருத்துவ மாணவர் கையில் பெரும்பாலும் இந்தப் பட்டியல் இருக்கும். ஓர் உளவியல் பேராசிரியரின் உழைப்பு தன் துறையைத் தாண்டிப் போய் இப்படி நிலைத்தது அபூர்வம். சாதி மனப்பான்மை பற்றிய அவர் ஆய்வுக்கு அந்த வாரிசுரிமை கிடைக்கவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

நிறுவன உளவியலின் பாதை வேறு. அது தொடங்குவது வகுப்பறையில் அல்ல, பெரம்பூர் பக்கிங்காம்-கர்நாடிக் ஆலையில். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சுலு நாயுடுவும் ஆலைத் தொழிலாளரின் குறைகளை எடுத்துச் சென்றார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. உடன் நின்றார். வாடியா அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். வடசென்னை ஆலைத் தொழிலாளரின் சங்கத்துக்குத் தலைவர் தென்சென்னை ஆற்றங்கரையிலிருந்து போனார். மந்தைவெளிப் பக்கத்திலிருந்து அடையாறு போகிறவர்கள் இன்று கடக்கும் பாலத்துக்கு திரு.வி.க. பெயர்.

1921இல் அதே ஆலைகளில் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் சாதி வழியாகப் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பலர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. ஒரே கூரையின் கீழ் ஒரே கூலிக்கு நின்றவர்கள் எப்போது தொழிலாளராக நினைக்கிறார்கள், எப்போது சாதியாக நினைக்கிறார்கள்? குழு அடையாளம் பற்றி எந்தப் பாடநூலும் கேட்கக்கூடிய முதல் கேள்வி இது. சென்னை வகுப்பறைகள் பின்னாளில் இதே கேள்வியைச் சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் வழியாகப் படித்தன. புளியந்தோப்பு வழியாகப் படிக்கவில்லை. விளக்கொளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வும் குழு உறவுமே காரணம் என்று எல்டன் மேயோவின் பள்ளி சொன்ன கதையைத் தேர்வில் எழுதாத மாணவர் இல்லை. அந்தக் கதையின் புள்ளிவிவரங்களைப் பின்னால் வந்தவர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள் என்பது வகுப்பை எட்டத் தாமதமாயிற்று.

பாடத்துக்கு உண்மையில் கதவு திறந்தது சட்டம். ராயல் தொழிலாளர் ஆணையம் 1931இல் அளித்த அறிக்கையில், ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து பிரித்துத் தொழிலாளர் அலுவலர்களிடம் கொடுக்கச் சொன்னது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49ஆவது பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஒவ்வொரு தொழிற்சாலையும் நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அவருடைய தகுதியை மாநில விதிகள் வரையறுத்தன: பட்டம், அங்கீகாரம் பெற்ற சமூக அறிவியல் பட்டமோ பட்டயமோ, அத்துடன் தொழிலாளரில் பெரும்பாலோர் பேசும் மொழியில் போதிய அறிவு. ஒரே பிரிவில் ஒரு வேலையும், அந்த வேலைக்கு ஒரு படிப்பும் பிறந்துவிட்டன.

அந்தப் படிப்பைக் கொடுக்க நிறுவனங்கள் வந்தன. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிப் பள்ளி எழும்பூரில் வளர்ந்தது. அநாதை இல்லம், மருத்துவமனை, சீர்திருத்தப் பள்ளி ஆகியவற்றுக்குப் பணியாளரைத் தயார்செய்யும் நோக்கத்தோடு பிறந்த பள்ளியில் தொழிலாளர் நலமும் பணியாளர் மேலாண்மையும் முக்கியப் பிரிவாகிவிட்டதற்கு 49ஆவது பிரிவு ஒரு காரணம். வேலை அங்கே இருந்தது. 1956இல் சென்னை மேலாண்மைச் சங்கம் அமைந்தது. 1973இல் மாநில அரசே தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தை ஏற்படுத்தித் தொழிலாளர் மேலாண்மையில் பட்டப் படிப்பு நடத்தத் தொடங்கியது. இந்த இடங்களில் கற்பிக்கப்பட்டது தொழில் உளவியல்தான்: ஆள் தேர்வு, களைப்பு, விபத்து, ஊக்கம், குறை தீர்ப்பு, மேற்பார்வை. ஆனால் கற்பித்தது உளவியல் துறை அல்ல. சம்பளச் சட்டமும் தொழிற்தகராறுச் சட்டமும் ஒரு கையில், உந்துதல் பற்றிய கொள்கை மறுகையில் என்று மாணவர் வெளியே வந்தார். ஆங்கிலத்தில் படித்து, மறுநாள் காலை ஆலைக்குள் போய் லீவு, கேண்டீன், பி.எஃப். பற்றித் தமிழில் பேச வேண்டும். விதியில் இருந்த மொழி நிபந்தனை சும்மா எழுதப்பட்டதல்ல.

வேறு ஊர்களில் உளவியலாளர்களே ஆலைக்குள் போனார்கள். அகமதாபாத் ஆலை முதலாளிகள் அமைத்த ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் கமலா சௌத்ரி உளவியல் பிரிவை நடத்தினார். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் 1953 முதல் அங்கு காலிகோ ஆலையில் தறிகளை ஆளுக்கொரு வேலையாகப் பிரிக்காமல் சிறு குழுக்களின் கூட்டுப் பொறுப்பில் விட்டுப் பார்த்தார். உற்பத்தியும் தரமும் உயர்ந்தன. அந்த ஆய்வு உலகப் பாடநூல்களில் ஏறியது. 1964இல் காக்கிநாடாவின் சிறு வணிகர்களுக்கு ஹைதராபாத்தில் சாதனை ஊக்கப் பயிற்சி கொடுத்து டேவிட் மக்லெலண்ட் நடத்திய சோதனையும் அப்படியே. அம்பத்தூர், எண்ணூர், பாடி என்று தொழிற்சாலைகள் குவிந்திருந்த சென்னையிலிருந்து அவ்வளவு பேசப்பட்ட ஆய்வு ஒன்றும் வெளிவரவில்லை. பல்கலைக்கழகம் கடற்கரையிலும் ஆலை வடகோடியிலும் இருந்ததால் மட்டும் இப்படி ஆகவில்லை. இங்கே முதலாளி உளவியலாளரிடம் கேட்டது விடை அல்ல, சட்டம் கேட்ட ஆள்.

இதற்கிடையில் கல்லூரிகளில் உளவியல் இளநிலைப் பட்டமாகவும் துணைப்பாடமாகவும் பரவியது. மாநிலக் கல்லூரியும் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் அதில் பெயர் பெற்றவை. வகுப்புகளில் பெண்களே பெரும்பான்மை என்ற நிலை விரைவில் உருவானது. செய்முறை வகுப்பின் சடங்குகள் பல தலைமுறைக்கு மாறவில்லை: கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரத்தின் மேல் கோடு இழுப்பது, நீளம் ஒன்றாக இருந்தும் வேறாகத் தோன்றும் கோடுகளை அளப்பது, அர்த்தமற்ற எழுத்துக்கூட்டங்களை மனப்பாடம் செய்வது, எல்லாவற்றையும் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. சமூக உளவியலுக்குச் செய்முறை என்று வந்தால் வகுப்புத் தோழர்களுக்குள் 'யாரோடு சேர்ந்து படிக்க விருப்பம்' என்று கேட்டு அம்புக்குறி போட்ட வரைபடம் ஒன்று. அதற்கு மேல் வகுப்பறையின் கதவைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

தாண்டியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது நிறைய. 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் தொகுத்து ஆராய்ந்தார். அதிர்வை உணர்ந்தும் சேதம் ஏற்படாத ஊர்களில், இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் ஓடின. பயந்துவிட்ட மனம் அந்தப் பயத்துக்குப் பொருத்தமான காரணத்தைத் தேடிக்கொள்கிறது என்ற கோணத்தில் லியோன் ஃபெஸ்டிங்கர் இந்தத் தகவலை எடுத்துக்கொண்டு, 1957இல் அறிவு முரண்பாட்டுக் கொள்கையை வெளியிட்டார். சென்னை மாணவர்கள் ஃபெஸ்டிங்கரை நன்றாகவே படித்தார்கள். பிரசாத்தின் பெயர் பலருக்குத் தெரியாது. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தி கைபேசிகளில் ஓடி, பண்ணை நிர்வாகம் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. வதந்தி பற்றிய பாடத்துக்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டியதில்லை.

தமிழில் இந்தப் பாடம் எழுதப்பட்டதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் உளவியலுக்கும் இடம் கொடுத்தது. அதன் முதன்மை ஆசிரியர் பெ. தூரன் கல்லூரிக்கு வெளியே உள்ள வாசகருக்காகத் தாமே மனம் பற்றியும் குழந்தை உள்ளம் பற்றியும் எளிய நூல்கள் எழுதினார். 1960களில் கல்லூரிகளில் தமிழ் பயிற்றுமொழியானதைத் தொடர்ந்து, பின்னாளில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமாக ஆன அமைப்பு உளவியல் உள்ளிட்ட பல துறைகளில் பட்ட வகுப்பு நூல்களைத் தமிழில் வெளியிட்டது. நூல்கள் வந்தன, படிக்கும் கூட்டம் வளரவில்லை. வேலை கொடுக்கும் நிறுவனத்தின் மொழி ஆங்கிலமாக இருந்ததால் மாணவர் ஆங்கில வழியையே தேர்ந்தார். அந்தப் பழைய நூல்கள் இப்போது மின்வடிவில் படிக்கக் கிடைக்கின்றன.

1970களின் நடுவில் பெயர்கள் மாறத் தொடங்கின. 1975இல் உதய் பாரீக்கும் டி.வி. ராவும் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்துக்காக மனிதவள மேம்பாட்டு அமைப்பு ஒன்றை வடிவமைத்தார்கள். நல அலுவலர் என்ற நாற்காலி அடுத்த இருபது ஆண்டுகளில் பணியாளர் மேலாளர் ஆகி, மனிதவள மேலாளர் ஆனது. 1978இல் தொடங்கிய கல்லூரித் தன்னாட்சி, பல்கலைக்கழகம் சொல்லும்வரை காத்திருக்காமல் புதிய தாள்களைச் சேர்க்கச் சில கல்லூரிகளுக்கு வழிகொடுத்தது. பெரம்பூர் ஆலை 1996இல் மூடப்பட்டது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. சென்னைப் பல்கலைக்கழக உளவியல் துறை ஆற்றுப்படுத்தும் உளவியலோடு மனிதவள மேம்பாட்டு உளவியலிலும் முதுநிலைப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. பல பத்தாண்டுகளாகச் சமூகப் பணிப் பள்ளியிடமும் மேலாண்மைத் துறையிடமும் இருந்த பாடம் அந்தப் பட்டத்தின் வழியாக உளவியலின் சொந்தப் பெயரில் வந்து சேர்ந்தது.

பறக்கும் ரயில் இந்த மாற்றத்தின் வரைபடம்போல அமைந்துவிட்டது. 1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலாப்பூர் வரையும், 2004இல் மந்தைவெளி வழியாகத் திருவான்மியூர் வரையும், 2007இல் தரமணி தாண்டி வேளச்சேரி வரையும் அது நீண்டது. காலையில் மந்தைவெளி நிலையத்தில் வடக்கே போகும் வண்டியில் மாணவரும், தெற்கே போகும் வண்டியில் நிறுவன ஊழியரும் ஏறுகிறார்கள். பாடத்தின் பொருளும் அதற்கேற்ப நகர்ந்தது. விபத்து, களைப்பு, வேலைநிறுத்தம் ஆகியவை பின்னுக்குப் போயின. மன அழுத்தம், பணியைவிட்டு விலகுதல், குழு ஒற்றுமை, வேலைக்கும் வீட்டுக்கும் இடையே சமநிலை ஆகியவை முன்னுக்கு வந்தன. தொழிற்சங்கம் என்ற அத்தியாயம் பல பாடத்திட்டங்களில் ஒரு பத்தியாகச் சுருங்கியது. சங்கம் இல்லாத அலுவலகத்துக்கு ஆள் தயார்செய்யும் பாடத்தில் அது வியப்பில்லை. ஆனால் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று பிறந்த நகரத்தில் அது இழப்புத்தான்.

இந்தப் பாடங்களைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசேர்த்தது வகுப்பறையைவிட அஞ்சல்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கின. முன்னதை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயர் மந்தைவெளியை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்துக்கு இருக்கிறது. வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், காவல்துறையினர், பிள்ளைகள் வளர்ந்த பிறகு படிப்பைத் தொடர்ந்த பெண்கள் என்று பலர் உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றது இந்த வழியில்தான். வார இறுதி நேர்முக வகுப்பு, அச்சிட்ட பாடப் புத்தகம், ஆண்டுக்கொரு தேர்வு. அதில் செய்முறை குறைவு என்ற குறை எப்போதும் இருந்தது. சமூக, நிறுவன உளவியல் தாள்களுக்கு அந்தக் குறை அவ்வளவாக உறைக்கவில்லை; படித்தவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு நிறுவனத்துக்குள் இருந்தவர்கள்.

அந்த வழி 2025இல் அடைபட்டது. உடல்நலம் சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுத் தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் உளவியல் வருவதால், அதைத் தொலைநிலை, இணையவழிகளில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அந்த ஆண்டின் ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் தடைவிதித்தது. நோயாளியைப் பார்க்கப் போகிற உளவியலாளருக்குத் தபாலில் பயிற்சி போதாது என்பதில் நியாயம் உண்டு. ஆனால் தடை சிகிச்சை உளவியலையும் மற்றவற்றையும் பிரித்துப் பார்க்கவில்லை; வதந்தி, தலைமை, சாதி மனப்பான்மை, அலுவலக உறவு பற்றிய தாள்களும் சேர்ந்தே நின்றன. மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட மேலாண்மைப் பட்டத்தை அந்தத் தடை தொடவில்லை. அதனால் நிறுவன உளவியல் மட்டும், 1950களில் இருந்ததைப் போலவே வேறொரு துறையின் பெயரில், தொலைநிலை மாணவருக்குத் தொடர்ந்து கிடைக்கிறது. சமூக உளவியலை விரும்புகிறவர் கல்லூரிக்கு நேரில் போய்த்தான் படிக்க வேண்டும்.